கிணற்றடிக்குப் போகாமல் நீரிறைத்தல்
(கமக்காரர் வகுப்பொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சென்ற சிறுபோகத்தின்போது நான் பார்வையிடச் சென்ற தோட்டங்கள் பலவற்றில் ஒரே வினாவைக் கேட்டேன். "தம்பி, வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் தட்டிக் கிணற்று மோட்டரைப் போடவும் நிறுத்தவும் முடியுமாமே, மெய்தானா?" என்பதே அவ்வினா. மெய்தான். அது எவ்வாறு நடைபெறுகின்றது, யாருக்குப் பயன்படும், எங்கே உயிருக்கே ஆபத்தாய் முடியும் என்பவற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நமது முன்னோர் துலா மிதித்துப் பட்டையால் நீரிறைத்தனர். மிதிப்பவர் ஒருவர், பட்டை பிடிப்பவர் ஒருவர், பாத்தி கட்டுபவர் ஒருவர் என ஒரு தோட்டத்திற்கு மூவர் வேண்டியிருந்தது. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதன்பின் மின்மோட்டர் வந்தது. 1990களில் எரிபொருளும் பற்றரியும் கிடைத்தற்கு அரியனவாயிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நம்மவர்கள். ஆதலின் புதிய கருவியொன்றைக் கண்டு அஞ்சும் மக்கள் நாமல்லர் என்பதை முதலிற் சொல்லிவைக்கின்றேன்.

இக்கருவி நமக்கு ஏன் வேண்டும்? வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் வீடு ஓரிடத்திலும் தோட்டம் மற்றோரிடத்திலும் இருத்தல் வழக்கம். இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் வயல் உடையோர் பலருக்குக் கிணற்றுத் தோட்டம் வேறொரு பக்கத்தில் உளது. மோட்டரைப் போட ஒரு நடை, நிறுத்த ஒரு நடை. 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவிலேயே எழுந்து கிணற்றடிக்குப் போகவேண்டியதாயிற்று. இருளில் வரம்பு வழியே நடப்பவன் காலடியில் புடையன் பாம்பு கிடக்கலாம். காட்டோரக் காணியாயின் யானை நிற்கலாம். ஒரு நடையைக் குறைப்பது சோம்பலன்று.

இந்தியாவில் புனே நகரைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்னும் பொறியியலாளர், தமது பாட்டனார் மோட்டரைப் போடுவதற்காக இரவிலும் நெடுந்தூரம் நடந்து பட்ட துன்பத்தைக் கண்டே, கைத்தொலைபேசியால் நீர்ப்பம்பியை இயக்கும் 'நானோ கணேஷ்' என்ற கருவியை ஆக்கினார். தமிழ்நாட்டில் இத்தகைய கருவிகளுக்கு அரசாங்கமே மானியம் வழங்கியுள்ளது. கடையில் வாங்கும் அக்கருவிகள் நல்லவையே. ஆயினும் நான் இன்று சொல்லப்போவது வேறொரு வழி. நம் பிள்ளைகளே செய்யக்கூடியதும், பழுதானால் நம் ஊரிலேயே திருத்தக்கூடியதுமான வழி அது.

உள்ளங்கையிற் பாதியளவான ஒரு சிறு பலகை. அதன்மேல் ஒரு நுண்கட்டுப்படுத்தி, அதாவது தனக்குச் சொல்லிவைத்த வேலையை மாத்திரம் செய்யும் மிகச் சிறிய கணினி. சீனாவின் சாங்காய் நகரிலுள்ள எஸ்பிரசிவ் நிறுவனம் 2014இல் ஈ.எஸ்.பி. 8266 என்பதையும் 2016இல் ஈ.எஸ்.பி. 32 என்பதையும் வெளியிட்டது. இவற்றின் சிறப்பு யாதெனின், வைஃபை என்னும் கம்பியில்லாத் தொடர்பு அப்பலகைக்குள்ளேயே அமைந்திருப்பதாகும். விலையோ ஓர் அந்தர் பசளையின் விலையிலும் குறைவு.

இனி, கைத்தொலைபேசியிலுள்ள உலாவி இப்பலகையுடன் எங்ஙனம் பேசுகின்றது என்று பார்ப்போம். நாம் செய்தி படிக்க உலாவியைத் திறக்கும்போது, அது எங்கோ உள்ள பெரிய கணினி ஒன்றுக்கு "இந்தப் பக்கத்தைத் தருக" என்று ஒரு சிறு விண்ணப்பம் அனுப்புகின்றது. அக்கணினி பக்கத்தைத் திருப்பி அனுப்புகின்றது. ஐரோப்பாவிலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில் 1989ஆம் ஆண்டளவில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ தொடங்கிவைத்த முறை இதுவே. நம் பலகைக்குள் எழுதிவைக்கும் செய்நிரல் அந்தப் பெரிய கணினியின் வேலையைச் சிறிய அளவிற் செய்கின்றது. நீங்கள் பக்கத்தைத் திறந்தால் 'இறை', 'நிறுத்து' என்ற இரு பொத்தான்கள் தோன்றும். 'இறை' என்பதைத் தொட்டதும் விண்ணப்பம் பலகைக்குச் செல்லும். பலகை தன் கால்களுள் ஒன்றில் 3.3 வோல்ற்று மின்னழுத்தத்தை மாற்றும். அம்மாற்றம் றிலே என்னும் மின்காந்த ஆளியை இழுக்கும். றிலே மோட்டருக்குரிய மின்சுற்றை மூடும். பின்னர் பலகை "இறைத்துக்கொண்டிருக்கிறது" என்ற மறுமொழிப் பக்கத்தை உங்களுக்கு அனுப்பும். கைத்தொலைபேசியில் வேறெந்தச் செயலியும் ஏற்றவேண்டியதில்லை. வீட்டில் மூவர் கையில் மூன்று வகைத் தொலைபேசி இருப்பினும், எல்லாவற்றிலும் உலாவி ஒன்று இருக்கும். பக்கம் முழுவதையும் தமிழிலேயே எழுதலாம், எழுத்துமுறை யூ.ரி.எவ். 8 என்று பக்கத்தின் தலைப்பிற் குறிப்பிட மறந்தால் மாத்திரம் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகள் தோன்றும்.

மிக எளிய அமைப்பில் இணையமே தேவையில்லை. பலகை தானே ஒரு வைஃபை நிலையமாய் நிற்கும். உங்கள் தொலைபேசியை அதனுடன் இணைத்து, உலாவியில் 192.168.4.1 என்னும் முகவரியை இட்டால் பக்கம் திறக்கும். தடையற்ற வெளியில் ஏறத்தாழ 50 முதல் 100 மீற்றர் வரை இது எட்டும். இடையில் வாழைத்தோட்டமோ கற்சுவரோ இருப்பின் குறையும். ஒரு சிறு தொல்லையையும் சொல்லவேண்டும். இந்த வைஃபையில் இணையம் இல்லையென்று கண்ட தொலைபேசி, உங்களைக் கேளாமலே சிம் இணைப்பிற்கு மாறிவிடும், பக்கம் திறவாது. பலகை பழுது என்று கழற்றி எடுத்து வந்தோர் சிலருக்கு நான் செய்த திருத்தம், தொலைபேசியில் மொபைல் தரவை நிறுத்தியது ஒன்றே.

தோட்டம் அரை மைல் தொலைவிலாயின் இணையம் வேண்டும். சிம் அட்டையிடும் சிறு றவுட்டர் ஒன்றைப் பம்பிக் கொட்டிலில் வைத்துப் பலகையை அதனுடன் இணைக்கலாம். ஆயினும் இங்கொரு தடை உண்டு. கைத்தொலைபேசி நிறுவனங்களின் இணைப்பில் பெரும்பாலும் உங்கள் றவுட்டருக்கெனத் தனி முகவரி கிடைப்பதில்லை; பல வீடுகளுக்கு ஒரே முகவரி. ஆதலின் வெளியிலிருந்து பலகையை நேரே அழைக்க இயலாது. பலகைதான் வெளியே சென்று ஓர் இடைநிலையத்துடன் தொடர்பை ஏற்படுத்தி, "எனக்கு ஏதும் ஏவல் உண்டா?" என்று காத்திருத்தல் வேண்டும். இதற்கென எம்.கியூ.ரி.ரி. என்றொரு முறை உளது. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பதற்கு 1999இல் அன்டி ஸ்ரான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர் வகுத்தது அது. தொடர்பு மெலிந்த இடத்திற்காகவே பிறந்த முறையாதலால் நமது காட்டோரத் தோட்டங்களுக்கும் பொருந்துகின்றது.

தனி முகவரி கிடைத்தவர்கள் சிலர், றவுட்டரில் வாயிலைத் திறந்துவிட்டுப் பலகையை நேரே இணையத்தில் வைக்கின்றனர். அதனை நான் வன்மையாக மறுப்பேன். 2016ஆம் ஆண்டு மிறாய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத வீட்டுக் கமராக்களையும் றவுட்டர்களையும் ஆயிரக்கணக்கிற் கைப்பற்றிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல அதனால் முடங்கின. கமராவைக் கைப்பற்றியவனுக்கு மோட்டர் எம்மாத்திரம்? இடைநிலையத்தைப் பயன்படுத்துவோரும், சோதனைக்கென யாவருக்கும் திறந்துவைத்த பொது இடைநிலையங்களை நம்பிப் பம்பியை இணைக்கலாகாது. கடவுச்சொல்லும் மறைகுறியாக்கமும் உள்ள கணக்கொன்று வேண்டும். கடவுச்சொல்லாகத் தொலைபேசி இலக்கத்தை இடுதல், கிணற்றடிக் கொட்டிலைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுதல் போன்றது.

இனி நான் பேச விரும்பும் முக்கியமான விடயத்திற்கு வருகின்றேன். இது என் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது; தவறும் என்னுடையதே.

முதன்முதலில் நான் அமைத்த பக்கத்தில், 'இறை' என்ற பொத்தானைத் தொட்டால் உலாவியின் முகவரிப் பட்டையிலேயே அந்த ஏவல் எழுதப்பட்டுச் செல்லும்வண்ணம் செய்திருந்தேன். புத்தகங்களிற் காட்டப்படும் எளிய முறை அதுதான். ஒருநாள் மோட்டர் இறுகி நின்றது. சில நாள் ஓடாத மோட்டர் இறுகுவது உங்களுக்குத் தெரியும். என் சித்தப்பா பின்புற மூடியைக் கழற்றி, விசிறியைக் கையாற் பிடித்துச் சுழற்றி இளக்கிக்கொண்டிருந்தார். "முதன்மை ஆளியை நிறுத்தவோ?" என்று அவர் கேட்டார். "தேவையில்லைச் சித்தப்பா, தொலைபேசியில் நிறுத்தியாயிற்று" என்றேன் நான். தொலைபேசி வீட்டில் இருந்தது. என் தமக்கையின் மகன் படம் பார்ப்பதற்காக அதனை எடுத்து உலாவியைத் திறந்திருக்கிறான். உலாவி, கடைசியாகத் திறந்திருந்த பக்கத்தைத் தானே மீண்டும் கேட்டு அனுப்பியது. அந்தப் பக்கத்தின் முகவரியிலோ 'இறை' என்ற ஏவல் இருந்தது. மோட்டர் ஓடிற்று. சித்தப்பா கையை எடுத்ததற்கும் விசிறி சுழன்றதற்கும் இடையே ஒரு மூச்சளவு நேரமே இருந்தது.

அவர் என்னை ஏசவில்லை. அன்று பின்னேரம் வரையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சகோதரர்களே, கிணற்றடியில் நின்று ஆளியைப் போடுபவன் மோட்டரைக் காண்கிறான். அருகில் யார் நிற்கிறார் என்பதைக் காண்கிறான். கிணற்றுள் பிள்ளை எட்டிப் பார்க்கிறதா என்பதைக் காண்கிறான். தொலைவிலிருந்து போடுபவன் ஒன்றையும் காண்பதில்லை. அந்தக் கண்ணுக்கு ஈடாக வேறு காவல்களை நாம் அமைத்தல் வேண்டும்.

அவற்றுள் முதலாவது, மோட்டரின் அருகே ஒரு முதன்மை ஆளியும், 'கை', 'தொலை' என இரு நிலையுள்ள மற்றோர் ஆளியும் இருத்தல். மோட்டரிலோ குழாயிலோ கை வைப்பவர் எவராயினும் முதன்மை ஆளியை நிறுத்திப் பூட்டித் திறப்பைத் தம் மடியிற் செருகிக்கொண்டே தொடவேண்டும். தொலைபேசியில் நிறுத்தியது நிறுத்தியது ஆகாது. ஏவலை முகவரியில் வைக்காமல், பொத்தான் தொட்டபோது மாத்திரம் செல்லும் தனிக் கட்டளையாக அமைத்து, உடனே உலாவியை வெறும் நிலைமைப் பக்கத்திற்குத் திருப்பிவிடவும் வேண்டும். அப்பொழுது பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் மோட்டர் அசையாது. செய்நிரல் எழுதும் பிள்ளையிடம் இதனைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். "எல்லாம் சரி" என்று அவன் சொன்னால், உங்கள் கண்முன்னே உலாவியை மூடித் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது பலகை எப்போதும் 'நிறுத்து' நிலையிலேயே எழவேண்டும். இதில் நுட்பமொன்று உளது. ஈ.எஸ்.பி. 32 பலகையில் 0, 2, 5, 12, 15 ஆகிய இலக்கக் கால்கள் பலகை விழித்தெழும்போது வேறு வேலைக்குப் பயன்படுவன. றிலேயை அவற்றுடன் இணைத்தால் எதிர்பாராத வேளையில் அது ஒரு கணம் இழுக்கக்கூடும். 34 முதல் 39 வரையுள்ள கால்கள் உள்ளீட்டிற்கு மாத்திரம் உரியவை. மேலும், கடையில் விற்கும் றிலேப் பலகைகள் பல தலைகீழாக வேலை செய்வன: மின்னழுத்தம் இறங்கும்போது இழுக்கும். ஆதலின் மோட்டரை இணைக்குமுன் ஒரு மின்குமிழை இணைத்து, மின்சாரத்தைப் பலமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். குமிழ் ஒருமுறையேனும் கண் சிமிட்டினால் மோட்டரை இணைக்கலாகாது.

றிலேயைப் பற்றி மற்றொன்று. அதன் முதுகில் 10 அம்பியர், 250 வோல்ற்று என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. அத்தகைய மோட்டர் ஓடும்போது அவ்வளவு மின்னோட்டம் எடுப்பதில்லையே என்று நினைப்பீர்கள். ஆனால் ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டர் வழமையைவிட ஐந்தாறு மடங்கு எடுக்கும். அப்போது எழும் தீப்பொறியால் றிலேயின் தொடுகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் நீங்கள் எத்தனை முறை 'நிறுத்து' என்றாலும் மோட்டர் நில்லாது. பக்கம் மாத்திரம் "நிறுத்தப்பட்டது" என்று கூறும். எனவே சிறு றிலே மோட்டரை நேரே இயக்கலாகாது. மோட்டருக்குரிய கொன்ராக்ரரின் சுருளை மாத்திரம் அது இயக்கட்டும். 230 வோல்ற்றுப் பக்க வேலை முழுவதையும் அனுமதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்தல் வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச்சும் நல்ல புவித்தொடுப்பும் இல்லாத கொட்டிலில் இக்கருவியை வைக்க நான் சம்மதியேன்.

பக்கம் சொல்வது பலகை ஏவியதை, மோட்டர் செய்ததையன்று. இரண்டும் ஒன்றாயிருக்கக் குழாயில் ஒரு நீரோட்ட ஆளியையேனும், மோட்டர்க் கம்பியைச் சுற்றி மின்னோட்டம் அளக்கும் சிறு வளையத்தையேனும் பொருத்திப் பலகைக்கு அறிவிக்கச் செய்யலாம். கிணற்றில் நீர் அடியை எட்டினால் நிறுத்துவதற்கு மிதவை ஆளி ஒன்று இன்றியமையாதது. ஆவணி மாதத்தில் வன்னிக் கிணறுகள் எவ்வளவு விரைவில் வற்றுகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீரின்றி ஓடிய பம்பியின் அடைப்பு வளையம் கருகுவதற்கு நெடுநேரம் செல்லாது. மிதவையை மோட்டர்ச் சுற்றிலேயே தொடராக இணையுங்கள். அப்பொழுது பலகை மயங்கினாலும் மிதவை தன் கடமையைச் செய்யும்.

இவற்றுடன், எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதைப் பலகையிடமே ஒப்படைத்துவிட வேண்டும். போட்டபின் தொடர்பு அறுந்தாலும் குறித்த நிமிடம் முடிந்ததும் அது தானே நிற்கும். அந்த நிமிடத்தைக் கணிக்கும் முறை இது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆழத்திற்கு நிற்கும் நீர் ஒரு லீற்றர். நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர், ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். வெயிற்காலத்தில் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரை எடுக்கின்றது எனக் கொண்டால், வேண்டியது 5,000 லீற்றர். இனி உங்கள் பம்பியின் வலுவை அளந்துகொள்ளுங்கள். 210 லீற்றர் எண்ணெய்ப் பீப்பா ஒன்றைக் குழாய்வாயில் வைத்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 70 செக்கனில் நிரம்பினால் நிமிடத்திற்கு 180 லீற்றர். 5,000 லீற்றருக்கு 28 நிமிடம். மூன்று நாளுக்கு ஒருமுறை இறைப்பவர் அதனை மும்மடங்காக்குக. வாய்க்காலில் ஊறிப்போகும் நீருக்குச் சற்றுக் கூட்டிக்கொள்க. தூறல் நீர், சொட்டு நீர் முறையாயின் கூட்டவேண்டியது மிகக் குறைவு. மண்ணிற்கும் பயிருக்கும் ஏற்ற அளவை உங்கள் பகுதிப் போதனாசிரியரிடமோ, திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ கேட்டறியலாம். நான் அளந்த தோட்டங்களிற் பலவற்றில் வேண்டியதைவிடக் கூடவே இறைத்துக்கொண்டிருந்தனர். வெங்காயத்தின் அடி அழுகுவதற்கு வானத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போர் இப்பலகையால் அதனைத் தொடக்க இயலாது. கயிறு இழுக்க ஆள் வேண்டும். சூரியவலுப் பம்பி உடையோர்க்கு வேலை எளிது. அப்பம்பிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி பலவற்றில் மிதவை ஆளிக்கென இரு முனைகள் விடப்பட்டிருக்கும். றிலேயை அங்கே இணைத்தால் போதும், பெரிய மின்னோட்டத்தைத் தொடவேண்டியதில்லை.

கூட்டமொன்றில் ஒருவர், "இதே பலகையால் யானை வேலிக்கும் மின்சாரத்தைத் தூரத்திலிருந்து விடலாமோ?" என்று கேட்டார். வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியில் விடுதல் சட்டவிரோதம்; யானையையும் கொல்லும், விடிய எழுந்து செல்லும் அயலவனையும் கொல்லும். அதற்கு நான் எவ்வித உதவியும் செய்யேன் என்று அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லுகின்றேன்.

கிணறு வீட்டு முற்றத்திலிருந்தே தெரியும் தூரத்தில் உள்ளவர்களுக்கு இக்கருவி வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு நல்ல நேர ஆளியும் மிதவையும் அவர்களுக்குப் போதும். தூரத் தோட்டம் உடையோரும், தனியே வாழும் பெண் கமக்காரரும், முதுமையால் இரவில் நடக்க இயலாதோரும் முதலில் இதனைப் பெறவேண்டியவர்கள். செய்துதருவதற்கு ஆளில்லையே என்று கவலுற வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே உளது. உயர்தர வகுப்பில் தொழினுட்பம் பயிலும் பிள்ளைகள் நம் கிராமங்கள்தோறும் உளர். கமக்காரர் அமைப்பொன்று ஐந்தாறு தோட்டங்களைச் சேர்த்துக்கொண்டு இரு பிள்ளைகளைப் பழக்கினால், பழுது பார்க்க நகரத்துக்கு ஓடவேண்டியிராது. பலகை ஒன்றை மேலதிகமாய் வாங்கி, அதே செய்நிரலை ஏற்றி வீட்டில் வைத்திருங்கள்.

தொடங்குபவர் முதல் இரு கிழமைக்கு மின்குமிழை மாத்திரம் இணைத்துப் பழகவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். பலகையை நீர்புகாப் பெட்டியில் இட்டு, கம்பி நுழையும் துளைகளைக் கீழ்ப்புறமாக வையுங்கள். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பை நாடி உள்ளே குடிபுகும், மாதமொருமுறை திறந்து துடையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமுழக்கம் கேட்டவுடன் மின்னிணைப்பைக் கழற்றிவிடுங்கள். காலபோக மழை தொடங்கி இறைப்பு நின்றதும் பலகையை முற்றாகக் கழற்றி, உலர்ந்த டப்பாவில் இட்டு வீட்டிற்குக் கொண்டுவாருங்கள். கொட்டிலில் 'கை' நிலையும் முதன்மை ஆளியும் மாத்திரம் இருக்கட்டும். பலகையொன்றை இங்கு கொண்டுவந்திருக்கின்றேன். குமிழும் இணைத்திருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் தங்கள் தொலைபேசியை எடுத்து இதன் வைஃபையில் இணையுங்கள்; மொபைல் தரவை நிறுத்த மறவாதீர்கள்.